நாலாவது கம்பியோட வீடு

நம்பாதவுக இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம், நான் ஆரையும் பிடிச்சு உக்கார வச்சுக் கதை சொல்லுறவ இல்ல. ஆனா தூத்துக்குடியில எங்க நங்கூரத் தெருவுக்கு வந்து எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும், கஸ்பார் வாசிச்ச பேஸ் கிட்டாரு கல்யாண மண்டபத்துல ஊமையா இருந்துக்கிட்டு, மச்சாது வீட்டுத் தரைக்கடியிலயும், மாதா கோயில் சாமியார் பங்களாவுல பூசை உடுப்பு வைக்கிற அலமாரிக்குள்ளயும், தையக்கார எமரென்சியோட மிஷின் காலுக்குள்ளயும் முழங்குச்சுன்னு, இன்னைக்குச் சாளை என்ன வெலைன்னு சொல்லுற மாதிரி சாதாரணமாச் சொல்லுவாக. கஸ்பார் எங்க வீட்டுக்காரர். நான் பெர்பெத்து. எனக்கு நாக்கு நீளம்னு ஊருல பேரு, இருந்துட்டுப் போகட்டும்.

அந்தக் கிட்டாருக்கு எங்க கல்யாணத்தை விட வயசு கூட. ஜப்பான் கப்பல்ல வந்த மாலுமி ஒருத்தன் எங்க மாமனார்ட்ட ஒரு வலம்புரிச் சங்கை வாங்கிக்கிட்டு, அதுக்கு மாத்தா இதைக் குடுத்துட்டுப் போனானாம். அந்தச் சங்கு நெசமாவே வலம்புரிதானான்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம், ஆனா கிட்டாரு அசல். கஸ்பார் பகல்ல உப்பு லாரி எடை போடுற இடத்துல வேலை, சாயங்காலமானா ரெமிஜியூஸ் நடத்துற இன்னிசைக் குழுவுல பேஸ் வாசிக்கிறவுக. என் கழுத்துச் செயினு என்ன டிசைன்னு கேட்டா முழிப்பாக, அந்தக் கிட்டாருல எந்த மூலையில கீறல் கெடக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாக. ஒரு பொம்பளை சந்தேகப்பட இது போதாதா?

கடக்கரையில இரும்பு வாழுமா? உப்புக்காத்து குடிச்சுக் குடிச்சு அதோட ஆணியெல்லாம் துருவேறி, கழுத்து மரம் வளைஞ்சு, முறுக்காணி தளர்ந்து, ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள சுருதி எறங்கிப்போயி, தடிக் கம்பியைத் தட்டுனா நட்டு கழண்ட லாஞ்சுப் படகு எஞ்சின் கணக்கா டர்ருனு ஒரு இரைச்சலும் சேந்து வந்துச்சு. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமா எந்திரிச்சு வந்து, ஆரு வீட்டு ஃபேன் இப்படிக் கத்துதுன்னு கேட்டுட்டாரு. ரெமிஜியூஸ் அன்னைக்கே சொல்லிட்டான், "அண்ணே, ஒண்ணு இதைச் சரி பண்ணுங்க, இல்லன்னா நான் வேற ஆள் பாக்கேன்."

சரி பண்ண வந்தவன் தொபியாஸ். லாஞ்சு எஞ்சினு, கோயில் மைக் செட்டு, மிக்சி, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவன் கைதான். கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்தா ஆண்டவர் படைச்ச ஆதாமையே கழட்டித் திருப்பிப் பூட்டிருவேன்னு வாய் பேசுறவன். எங்க வீட்டுப் பின்பக்கம் பழைய பெட்ஷீட்டை விரிச்சு, கிட்டாரைப் பிள்ளை கணக்கா மல்லாக்கப் போட்டு, கம்பியை உருவிட்டு, ஒத்தக் கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பாத்தான்.

"மைனி, கழுத்து கூன் விழுந்துட்டு. உள்ள ஒரு கம்பி ஓடுது, அதை முறுக்குனா நிமிரும். ஆனா ஒரே மூச்சுல முறுக்குனா மரம் கீறிரும். கொஞ்சம் முறுக்கணும், ஆறப்போடணும், பொறவு முறுக்கணும்."

"அப்போ எங்க மாமியாளுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் இது"ன்னேன். கஸ்பார் முறைச்சாக.

கழுத்து நிமிந்துட்டு, முறுக்காணியும் இறுகிட்டு. தொல்லை குடுத்தது அடியில இருக்குற தகடுதான். அதுல கம்பிக்கு ஒண்ணா நாலு சின்னக் குதிரை இருக்கு, கம்பி அது முதுகுல ஏறித்தான் போகுது. ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால ஒரு நீள ஸ்க்ரூ, அதைத் திருகுனா குதிரை முன்ன பின்ன நகரும், சுருதி சுத்தமாகும். நாலும் துருப்பிடிச்சு அசையாமக் கெடந்துச்சு. மண்ணெண்ணெய் விட்டான், அசையல. சூடு காட்டுனான், அசையல. கடைசியில எங்க ஆளுக மட்டும் செய்யக்கூடிய காரியத்தைச் செஞ்சான்: வள்ளத்து ஆணி துருப்பிடிக்காம இருக்கத் தடவுவமே சுறா எண்ணெய், அதுல அந்தத் தகட்டை முழுசா முக்கி ஊறப்போட்டான். "ஏல, இது வள்ளமால? கிட்டாருல!"ன்னு கஸ்பார் தலையில அடிச்சுக்கிட்டாக. தெருப் பூனையெல்லாம் எங்க வாசல்ல வந்து செபம் பண்ணுற மாதிரி வரிசையா உக்காந்துட்டு. ஆனா ஊறி எடுத்த பொறவு குதிரை நாலும் சமத்தா நகந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

அடுத்த கல்யாணத்துல கஸ்பார் கம்பியைத் தட்டுறாக, மண்டபத்துல ஒரு சத்தமும் வரல. தொபியாஸ் வயரைப் பாத்தான், ஸ்பீக்கர்ப் பெட்டியைப் பாத்தான், எல்லாம் சரியா இருக்கு. அப்போ மச்சாது வீட்டு மூத்தவரு லுங்கியோட மண்டபத்துக்குள்ள ஓடி வந்து, எங்க வீட்டுத் தரைக்கடியில ஆரோ தும் தும்னு இடிக்கிறான்னாரு. அவரு பின்னாலயே சாமியார் பங்களாக் குசினியில சமைக்கிறவரு வந்தாரு, அதுக்குப் பின்னால எமரென்சி, கையில பாதி தச்ச ஜாக்கெட்டோட வந்து, "மிஷின் கால் பாடுது, ஊசி தானா எறங்குது"ன்னா. தடிக் கம்பி மச்சாது வீட்டுல, ரெண்டாவது சாமியார் பங்களாவுல, மூணாவது எமரென்சி வீட்டுல. நாலாவது எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல.

ஊரு என்ன பண்ணிச்சுங்கிய? ஒண்ணும் பண்ணல, பழகிக்கிட்டு. ரெமிஜியூஸ் அந்த மூணு வீட்டுலயும் மைக் வச்சு, துணி காயப்போடுற கொடியோட கொடியா வயரை இழுத்து மண்டபத்துக்குக் கொண்டு வந்துட்டான். கல்யாணப் பாட்டுக்கு நடுவுல எமரென்சி வீட்டுக் குக்கர் விசிலும் சேந்து வரும், தாளத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்குன்னு சனங்க கை தட்டும். சத்தத்துக்குப் பழகிட்டாக. ஏன் அந்த வீடுங்கிற கேள்விக்குத்தான் ஆரும் பழகல. ஏன் என் வீட்டுல இல்லாம அவன் வீட்டுல? அவன் என்னத்த ஒளிச்சு வச்சிருக்கான்? மச்சாது வீட்டு அண்ணனும் தம்பியும், செத்துப்போன அம்மா நகையை அடுத்தவன்தான் தரையில புதைச்சிருக்கான்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஆளுக்கொரு மூலையில தோண்டுனாக. ஒண்ணும் கெடைக்கல, கெடைக்காததால எனக்கு முந்தி அவன் எடுத்துட்டான்னு இப்போ ரெண்டு பேரும் பேசுறதில்ல. சாமியார் பங்களாவுல சத்தம் வந்ததும், நம்ம பாவசங்கீர்த்தனமெல்லாம் அந்த அலமாரிக்குள்ளதான் கெடக்குபோலன்னு பயந்து, பாதிச் சனம் பஸ் ஏறி அடுத்த பங்குக் கோயிலுக்குப் போயிப் பாவத்தைச் சொல்லிட்டு வந்துச்சு. சாமியாருக்கு அது பெரிய மனச்சடவு.

இதுல எண்ணெய் ஊத்துனவனும் தொபியாஸ்தான். மச்சாது மூத்தவரு தூக்கம் வரலன்னு கெஞ்சுனதுல, தடிக் கம்பியோட குதிரையைக் கொஞ்சம் பின்னால இழுத்தான். சத்தம் அப்படியே நகந்து பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள போயிட்டு. முன்னால தள்ளுனான், இந்தப் பக்கத்து வீட்டுக்கு வந்துட்டு. அவ்வளவுதான், விசயம் வெளிய வந்த அன்னையிலருந்து தொபியாஸ் வீட்டு வாசல்ல வாவல் மீனும் நண்டும் மக்ரூனும் குமிய ஆரம்பிச்சுட்டு. என் வீட்டுலருந்து எடுத்துரு, என் நாத்தனா வீட்டுல போட்டுரு, அந்த வக்கீலு வீட்டுக் கக்கூசுல போட்டுருன்னு ஆளாளுக்கு வந்து காதைக் கடிச்சாக. யார் வீட்டுல தும்முனு ஒரு சத்தம் கேட்டாலும், எவன்டா தொபியாசுக்கு மீன் குடுத்ததுன்னு தெருவே வெளிய வந்து நிக்கும். அவன் பொண்டாட்டி என்ன கொழம்பு வைக்கிறான்னு மோந்து பாத்துட்டுப் போறதுக்குன்னே சில பேரு அந்தப் பக்கம் நடந்தாக. நானும் நடந்தேன், இல்லங்கல.

கடைசியில சாமியார் தலைமையில கூட்டம் போட்டு, பழைய மூணு வீடும் சத்தத்துக்குப் பழகிட்டதால அங்கயே இருக்கட்டும்னு முடிவாயி, எல்லாரும் பாக்க தொபியாஸ் மூணு ஸ்க்ரூ தலையிலயும் செவப்பு நகப்பாலிஷை ஊத்தி அடைச்சான். ஆராவது திருகுனா பாலிஷ் வெடிச்சுக் காட்டிக் குடுத்துரும். நாலாவதை அடைக்கல. எங்க கேக்குதுன்னே தெரியாததை எங்க நிறுத்திப் பூட்டுறது? அதுக்கும் சாமியார் ஒரு வழி பண்ணுனாரு: கல்யாணத்துக்கு முந்தி ஓலை வாசிச்சுத் தடை இருக்கான்னு கேக்குற மாதிரி மூணு ஞாயிறு பூசையில, கஸ்பார் கிட்டாரோட நாலாவது கம்பி எந்த வீட்டில் ஒலிக்கிறதென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்னு வாசிச்சாரு. மூணு ஞாயிறும் ஒருத்தரும் எந்திரிக்கல. ஒவ்வொருத்தரும் கழுத்தைத் திருப்பி மத்தவுக மூஞ்சியைப் பாத்தாக. முக்காவாசிப் பேரு என் மூஞ்சியைப் பாத்தாக.

ஏன்னா விசயம் வந்து நின்னது என் தலையிலதான். கம்பி ஆரு கையில இருக்கு? கஸ்பார் கையில. நாலாவது கம்பி ஏதோ ஒரு வீட்டுல கேக்குது, அந்த வீட்டுக்காரி வாயைத் திறக்க மாட்டேங்கா. ஏன் திறக்க மாட்டேங்கா? ஊரு சொல்ல வேண்டியதில்ல, எனக்கே கணக்குத் தெரியும்.

அதோட இன்னொண்ணும் சேந்துச்சு. செவ்வாக்கெழம சாயங்காலம் ஐஸ் பேக்டரி பின்னால, கிட்டாரு வச்சிருக்குற குழு ரூமுல கஸ்பார் தனியா உக்காந்து கை பழகுறது வழக்கம். மூணு வீட்டுக்காரங்களும் தொந்தரவா இருக்குன்னு சொன்ன பொறவு, "இனிமே செவ்வாக்கெழம நாலாவது கம்பியில மட்டும் பழகுதேன், அது ஆருக்கும் தொந்தரவு இல்லல்லா"ன்னாக. ஊரே மெச்சுச்சு, என்ன நல்ல மனசுன்னு. நான் மெச்சல. ரூமுல சத்தம் வராது, தெருவுல சத்தம் வராது, வாசிச்சாகளா இல்லையான்னு ஆண்டவருக்கும் அவுகளுக்கும் மட்டுந்தான் தெரியும். தலையில புது எண்ணெய், சட்டையில பவுடரு. கம்பிக்குப் பவுடரு எதுக்கு?

முதல்ல எமரென்சி வீட்டுக்குத்தான் போனேன், ஜாக்கெட்டைப் பிடிக்கணும்னு சாக்குச் சொல்லிக்கிட்டு. புருசன் செத்துப் போயும் அவ உதட்டுல சிரிப்பு போகல, அது ஒண்ணு போதும் எனக்கு. மூணாவது கம்பி இங்க கேக்குதே, நாலாவதும் இங்கதானோன்னு மூலை முடுக்கெல்லாம் கண்ணால துழாவுனேன். அவ கத்திரியைக் கீழ வச்சா.

"இந்தா பெர்பெத்து, உம் புருசன் என் மிஷினுக்குள்ள இல்ல, அவரு கம்பிதான் இருக்கு. வேணும்னா மிஷினோட தூக்கிட்டுப் போ. எனக்கும் ஊசி உடையாம இருக்கும்."

"நான் அப்படி என்ன கேட்டுட்டேன்?"

"ஜாக்கெட்டைப் பிடிக்க வந்தவ கட்டிலுக்கடியில எதுக்குக் குனிஞ்ச?"

ஜாக்கெட்டைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுத் தோத்துப்போயித் திரும்பிட்டேன். அது எனக்கு வாழ்க்கையில அடிக்கடி நடக்குறதில்ல.

வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எடுத்தேன். நாலாவது கம்பி இன்னொரு பொம்பளை வீட்டுலதான்னு உறுதியாத் தெரிஞ்சா, பெட்டியைக் கட்டிக்கிட்டு மணப்பாட்டுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதது. ஆனா தெரியாம எப்படிப் போறது? அப்பத்தான் புத்தியில பட்டுச்சு, எங்க கேக்குதுன்னு ஏன் தேடணும், எங்க வேணுமோ அங்க இழுத்துக்கிட்டா என்ன? அவுக எடை போடப் போன பகல் நேரமா, ஒரு தூக்குல நெத்திலிக் கொழம்போட தொபியாஸ்கிட்டப் போனேன்.

"மைனி, அடைக்காத ஸ்க்ரூதான், ஆனா ஊருக்குத் தெரிஞ்சா என்னைக் கடல்ல எறக்கிருவாக."

"தெரியாது."

"அண்ணனுக்கு?"

"அவுகளுக்கும் தெரியாது. நான் சொன்னாத்தான தெரியும்."

அவன் தூக்கைத் திறந்து மோந்து பாத்துட்டு, தங்கிட்ட இருக்குற குழு ரூம் சாவியை எடுத்துக்கிட்டான். அவன் அங்க உக்காந்து குதிரையைக் கொஞ்சம் நகட்டுவான், கம்பியைத் தட்டுவான், போன்ல கேப்பான். நான் இங்க வீட்டுக்குள்ள மூச்சை அடக்கிக்கிட்டு நிப்பேன். "கேட்டுதா?" "இல்ல." "இப்போ?" "இல்லல." நேரம் போகப் போக சன்னல் வழியாத் தெருவை எட்டி எட்டிப் பாக்கேன், ஊரு ஊரா இந்தக் கம்பி எவ வீட்டையெல்லாம் கடந்து வருதோ, திடீர்னு சத்தம் கேட்டு எவ எவ அலறுறாளோன்னு. கடைசியில எங்க அடுப்படியில, அரிசி டின்னுக்குள்ள, அரிசியெல்லாம் சலசலன்னு அசைஞ்சு, அதுக்கு நடுவுல ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எனக்கு அடிவயித்துலருந்து அழுகை வந்துட்டு. இத்தனை வருசம் அவுக வாசிச்சதை மண்டபத்துல கும்பலோட கும்பலாக் கேட்டிருக்கேன். எனக்குன்னு ஒரு கம்பி என் வீட்டுக்குள்ள வந்து கேட்டது அன்னைக்குத்தான்.

ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணம். நான் தலைவலின்னு சொல்லி மண்டபத்துக்குப் போகல. டின்னுக்கு முன்னால முக்காலி போட்டு உக்காந்து, பாட்டுக்குப் பாட்டு அவுக விரலு எப்போ நாலாவது கம்பிக்கு ஏறுது, எப்போ எறங்குதுன்னு ஒண்ணு விடாமக் கேட்டேன். அவுக என் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருந்துச்சு, பேசத் தெரியாத மனுசன் பேசுற மாதிரி. அந்தச் சந்தோசத்தோட ரெண்டு நாளு அவுகளுக்கு மீன் தலையை நானே எடுத்து வச்சேன். என்ன இன்னைக்குப் பெர்பெத்துக்குன்னு அவுகளுக்குத்தான் சந்தேகம்.

செவ்வாக்கெழம வந்துச்சு. எண்ணெய், பவுடரு, "கை பழகிட்டு வாரேன்." போனாக. நான் முக்காலியைப் போட்டு உக்காந்தேன்.

டின்னு சும்மா இருந்துச்சு.

ரூமைத் திறந்திருப்பாக, வயர் மாட்டியிருப்பாக, ஆராச்சும் வந்து பேச்சுக் குடுத்திருப்பாகன்னு நானே அவுகளுக்குச் சாக்குத் தேடிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அரிசி அசையல. மூடியைத் திறந்து பாத்தேன், கையை உள்ள விட்டுக் கிளறுனேன், ஒரு வண்டு வெளிய வந்துச்சு, அவ்வளவுதான். கோயில்ல சாயங்காலத் திரிகாலச் செப மணி அடிச்சு ஓஞ்சுது, தெரு விளக்கு எரிஞ்சுது, டின்னு வாயைத் திறக்கல. அட பாவி மனுசா. நான் கேக்கக்கூடாதுன்னு நெனச்சது என்னமோ அதுதான் எனக்குக் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போயிப் பெட்டியை எடுத்து நாலு சேலையை உள்ள வச்சேன், செபமாலையை வச்சேன். எங்க போயிருக்காகன்னு தேடிப் போகவும் கால் வரல, போயி எவ வாசல்ல நின்னு என்னத்தப் பாக்குறது?

பெட்டி மேலயே உக்காந்து யோசிச்சேன். சண்டை போடுவேன், அவுக ஒரு பொய் சொல்லுவாக, நான் நம்ப மாட்டேன், மணப்பாட்டு பஸ் ஏறுவேன். அவுக ரெண்டு நாளு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு, பொறவு நிம்மதியாப் பவுடரு போட்டுக்கிட்டுத் திரிவாக. நட்டம் ஆருக்கு?

வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பெட்டியைக் காலால கட்டிலுக்கடியில தள்ளுனேன். அவுக உள்ள வந்து, விரலை நீவி விட்டுக்கிட்டே உக்காந்தாக.

"கையெல்லாம் காந்துது பெர்பெத்து. இன்னைக்கு ரொம்ப நேரம் வாசிச்சிட்டேன்."

சத்தியமாச் சொல்லுதேன், நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேற.

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"என்னத்தக் கேட்ட?"

"உங்க நாலாவது கம்பியைத்தான். அது நம்ம வீட்டுல கேக்குது, அரிசி டின்னுக்குள்ள. தொபியாஸ்கிட்டச் சொல்லி நான்தான் இங்க இழுத்து வச்சேன். நீங்க போனதுலருந்து இப்போ நீங்க செருப்பைக் கழட்டுற வரைக்கும் நிக்காமக் கேட்டுச்சு. என்னமா வாசிச்சிய! ஒருநாளும் நீங்க அப்படி வாசிச்சு நான் கேட்டதில்ல."

நீவுன விரலு அப்படியே நின்னுட்டு. மூஞ்சியில ரத்தம் இல்ல. டின்னைப் பாத்தாக, என்னைப் பாத்தாக, திரும்பவும் டின்னைப் பாத்தாக.

"என்ன பாட்டு?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான வாசிச்சிய."

எந்திரிச்சுப் போயி டின்னு மூடியைத் தூக்கிப் பாத்தாக. நான் வாசிக்கலன்னு சொல்ல அவுகளுக்கு வாய் வருமா? சொன்னா அடுத்த கேள்வி என்னன்னு அவுகளுக்குத் தெரியாதா? சாப்பாட்டை வச்சேன், ரெண்டு வாய் தின்னுட்டுக் கையைக் கழுவிட்டு, இதோ வாரேன்னு ரூமுக்கு ஓடுனாக. பூட்டு பூட்டுனபடி இருந்துச்சாம், கிட்டாரு உறை போட்டபடி இருந்துச்சாம், மேல லேசாத் தூசி கூட இருந்துச்சாம். இதையெல்லாம் தொபியாஸ்தான் பொறவு எங்கிட்டச் சொன்னான். சட்டையைப் பிடிச்சு, சாவியை ஆருக்குலே குடுத்தன்னு அவுக கேட்டாகளாம், அவன் மாதா மேல சத்தியம் பண்ணுனானாம். ரெமிஜியூசைப் போயிக் கேட்டாகளாம், அவன் அன்னைக்கு ஊருலயே இல்ல. கடைசியில கிட்டாரைத் தோள்ல போட்டு வீட்டுக்கே கொண்டு வந்துட்டாக. கட்டிலுக்குப் பக்கத்துல சாச்சு வச்சு, நான் அசையும்போதெல்லாம் எந்திரிச்சுக் கம்பியைத் தொட்டுப் பாத்தாக. எங்க போயிருந்தாகன்னு நான் கேக்கல. அவுகளும் சொல்லல. ஆனா அவுக கண்ணுல ஒரு முழி வந்துச்சு பாருங்க, எனக்கு ரொம்பப் பழக்கமான முழி. இத்தனை நாளும் நான் கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்தது.

அடுத்த செவ்வாக்கெழம. எண்ணெய் தேச்சாக, பவுடரு போட்டாக, சட்டைப் பித்தானை மாட்டுனாக. வாசல் வரைக்கும் போயி நின்னாக. திரும்பிக் கிட்டாரைப் பாத்தாக, அடுப்படிப் பக்கம் பாத்தாக. ஒரு பித்தானைக் கழட்டுனாக.

"இன்னைக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கு பெர்பெத்து. போகல."

நான் மீனைக் கழுவிக்கிட்டு இருந்தேன், தலையை நிமித்தல.

"அய்ய, எதுக்கு வழக்கத்தை விடுதிய? போயிட்டு வாங்க. நான்தான் இங்க இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேம்லா."